எட்டாவது இன்னிங்ஸில் ஒரு தரைப்பந்து

எலாதியோ பெத்ரோசோ தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் மட்டையைப் பிடித்தார். பதினோரு வயதில் முழங்காலில் பந்து பட்டு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். பொழுது போகாமல் வானொலியில் கேட்ட ஆட்டங்களைப் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். அறுபது வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

சான் பாஸ்குவால் என்ற அவருடைய ஊரில் பேஸ்பால் ஆடத் தெரியாத ஆண்பிள்ளையை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். எலாதியோவை அப்படிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இருபத்தெட்டு வயதிலேயே அவர் ஊர் மைதானத்தின் ஸ்கோர் எழுதுபவர் ஆகிவிட்டார். பகலில் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடைபோடும் வேலை. ஆட்டம் உள்ள நாட்களில் நடுவருக்கு நேர் பின்னால், உயரத்தில், கம்பிவலை அடித்த கூண்டில் உட்காரும் வேலை. முப்பத்து நான்கு வருஷம் இரண்டையும் செய்தார்.

ஸ்கோர் எழுதுவதென்றால் ஓட்டங்களைக் கூட்டிப் போடுவது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அதை எந்தப் பொடியனும் செய்துவிடுவான். ஒருவன் பந்தை அடித்துவிட்டு ஓடிப்போய், ஓட வேண்டிய நான்கு மூலைகளில் முதலாவதான முதல் பேஸில் நிற்கிறான். அவன் அடித்த அழகில் போய்ச் சேர்ந்தானா, பிடிக்க வேண்டியவன் கோட்டைவிட்டதால் சேர்ந்தானா? முன்னதென்றால் அது ‘அடி’. பின்னதென்றால் ‘பிழை’. இதை நடுவர் சொல்ல மாட்டார். கூண்டில் இருக்கும் அந்த ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும், அதுவும் அடுத்த பந்து வீசுவதற்குள். எலாதியோ சொன்னதை மாற்றி அவர் காலத்தில் யாரும் எழுதியதில்லை. ஊர்க்காரர்கள் அவருக்கு ‘நோட்டரி’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் மனைவி மிக்தாலியாகூடச் சண்டை போடும்போது அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் பூங்காவின் வடக்கு மூலையில் இருக்கும் மரத்தடி. அங்கே இருபத்து நான்கு பேர் கொண்ட கூட்டம் ஒன்று காலை முதல் பேஸ்பால் பேசும். வழிப்போக்கர்கள் முதல்முறை பார்த்தால் கொலை விழப்போகிறது என்று பயந்து ஒதுங்குவார்கள். தலைநகரில் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு புகழ் மண்டபம், அமெரிக்காவில் ஒரு புகழ் மண்டபம். அவற்றில் யாரைச் சேர்க்க வேண்டும், யாரைச் சேர்த்தது அநியாயம் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர்களை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் தங்களுக்கென்று ஒரு புகழ் மண்டபம் வைக்க மைதானத்து நடைபாதைச் சுவரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டார்கள். டிசம்பர் கடைசி ஞாயிறு காலையில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றி விவாதம் நடக்கும். ஒருவர் அவருக்காக வாதாடுவார், ஒருவர் எதிர்த்து வாதாடுவார். பிறகு எல்லோரும் எலாதியோ வைத்திருக்கும் தொப்பிக்குள் கையை விடுவார்கள், எண்ணுவதும் அவர்தான். மக்காச்சோள மணி போட்டால் சரி, கறுப்பு பீன்ஸ் போட்டால் வேண்டாம். பதினெட்டு மணி விழுந்தால் சுவரில் படம் ஏறும். மூன்று தடவை தோற்றவரின் பெயரை அதற்குமேல் யாரும் எடுக்கக் கூடாது. பேசப்படுகிற ஆள் அன்று காது கேட்கும் தூரத்தில் இருக்கவும் கூடாது.

போன டிசம்பரில் நிவால்தோ மெசாவுக்கு மூன்றாவது தடவை.

நிவால்தோ பதிமூன்று வருஷம் ஊர் அணிக்குப் பந்து வீசியவர். எலாதியோவின் தெருக்காரர். ஆட்டம் முடிந்து இருவரும் சேர்ந்து நடந்தே வீடு திரும்பிய நாட்கள் கணக்கில்லை. இப்போது பூங்காவுக்கு எதிரே தபால் நிலைய வாசலில் ஒரு சின்ன மேசை போட்டு சிகரெட் லைட்டர்களுக்கு எரிவாயு நிரப்பித் தருகிறார். சர்க்கரை வியாதி. வசந்தத்தில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கோடைக்குப் பிறகு வைத்தியர் விரலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். முதல் தடவை அவருக்குப் பதினாறு மணி விழுந்தது, இரண்டாவது தடவை பதினேழு. ஒரே ஒரு மணியில் போன வாய்ப்பு. இந்தத் தடவையும் போனால் அவ்வளவுதான், அந்தச் சுவருக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

அன்று வானம் மூடிக்கிடந்தது. நிவால்தோ காலையிலேயே மேசையைத் திருப்பிப் போட்டு மரத்தடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். எதிர்த்து வாதாடச் சீட்டு விழுந்தது எவாரிஸ்தோவுக்கு. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதரவாகப் பேசியது குதிரைவண்டிக்காரர் பாஸிலியோ.

“நூத்திப் பதினெட்டு வெற்றி, தொண்ணூத்தியேழு தோல்வி,” என்று ஆரம்பித்தார் எவாரிஸ்தோ. “இதுக்குப் பேரு புகழா? இதுக்குப் பேரு வருகைப்பதிவு. பதிமூணு வருஷம் லீவு போடாம வந்திருக்கான், அவ்வளவுதான். நானும்தான் முப்பத்தஞ்சு வருஷம் லீவு போடாம பாடம் எடுத்தேன். என் படத்த மாட்டுவீங்களா?”

“உங்க படத்த மாட்டுனா பிள்ளைங்க மைதானத்துப் பக்கமே வராதுங்க, வாத்தியாரே!” என்றாள் ஸோயிலா. மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே பெண் அவள்தான். மற்ற இருபத்து மூன்று பேரையும் சேர்த்தால்கூட அவள் வாய்க்கு ஈடாகாது.

பாஸிலியோ எழுந்தே நின்றுவிட்டார். “யோவ், சராசரியப் பாருய்யா! ஒம்பது இன்னிங்ஸுக்கு ரெண்டே முக்கால் ஓட்டம்கூட குடுக்கல. அவனுக்குப் பின்னாடி நின்னவனுங்க கையில எல்லாம் ஓட்டை. அடிக்க வேண்டியவனுங்க மட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு வானத்தப் பாத்துட்டு வந்தானுங்க. அந்த அணியில தொண்ணூத்தியேழுதான் தோத்தான்னா அவன் மனுஷனே இல்லய்யா!”

“சரி. ஒரே ஒரு பெரிய ஆட்டம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. அதச் சொன்னா நம்ம எல்லாருக்கும் மயிர் சிலிர்க்கணும்.”

“பினார் ஆட்டம்!” பாஸிலியோ, ஸோயிலா, இன்னும் நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

1990 பிப்ரவரி. பினார் அணி அடிப்பதில் அப்போது பேய்கள். அந்த அணிக்கு எதிராக நிவால்தோ ஒரு அடிகூடக் கொடுக்காமல் மொத்தம் ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ் வரை வந்துவிட்டார். அப்போது ஒரு தரைப்பந்து. இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நின்ற ஊர் அணிக்காரன் எர்மெஸை நோக்கிப் போனது. அவன் மேல் பட்டுத் தெறித்து ஓடியது. ஒலிபெருக்கி ‘அடி’ என்றது. மைதானமே ஊளையிட்டது. கூண்டின் மேல் ஆரஞ்சுப் பழங்கள் பறந்தன. ஆட்டத்தை நிவால்தோ ஜெயித்தார், ஆனால் நாடே பேசியிருக்கும் அடியில்லா ஆட்டம் என்ற பேர் கைநழுவியது.

“அது பிழை! குருடனுக்கே தெரிஞ்சுச்சு,” என்றாள் ஸோயிலா. “நான் அப்ப ஸ்கூல் பொண்ணு, அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்.”

“புத்தகத்துல அடின்னு இருக்கு,” என்றார் எவாரிஸ்தோ. “புத்தகத்த எழுதுனவரும் இங்கதான் இருக்காரு. கேளுங்க.”

எல்லோரும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எலாதியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தைய இரண்டு தடவையும் இதே கேள்வி வந்தது. இரண்டு தடவையும் “எழுதுனது எழுதுனதுதான்” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது தடவை அந்த ஒரு மணி குறைந்த ராத்திரியிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

எர்மெஸ் அவருடைய மச்சான். மிக்தாலியாவின் ஒரே தம்பி. அந்த பினார் ஆட்டத்தன்று தேசிய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் வந்திருந்தார்கள். எர்மெஸ் அதுவரை நாற்பத்தோரு ஆட்டம் ஒரு பிழைகூட இல்லாமல் வந்திருந்தான். காலையில் மிக்தாலியா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “இத்தன வருஷத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இன்னைக்கு ஒரு நாள் அவனுக்குப் பிழைன்னு எழுதிடாதீங்க.” எலாதியோ சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கூண்டுக்குள் ஏறும்போதே முடிவு செய்துவிட்டார். எட்டாவது இன்னிங்ஸில் அந்தப் பந்து போனபோது அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. எர்மெஸின் முகத்தைத்தான் பார்த்தார். கை தானாக ‘அடி’ என்று எழுதிவிட்டது.

எர்மெஸ் தேசிய அணிக்குப் போனான். அடுத்த வருஷம் வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் ஹோட்டலை விட்டு இறங்கி நடந்தவன் திரும்பி வரவில்லை, அந்த நாட்டிலேயே தங்கிவிட்டான். அவன் அம்மா அவனைப் பார்க்காமலே செத்தாள். மிக்தாலியா அதற்கப்புறம் வீட்டில் ஆட்டத்தை வானொலியில் வைக்க விடவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளும் போய்விட்டாள். அந்த ஓர் எழுத்தால் யாருக்கு என்ன லாபம் என்று எலாதியோ எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார். ஒருவருக்கும் இல்லை. நஷ்டப்பட்டவர் மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் லைட்டர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

“அது பிழை,” என்றார் எலாதியோ.

ஸோயிலா வாயில் இருந்த கடலையை மெல்லுவதை நிறுத்தினாள். “என்ன சொன்னீங்க?”

“பிழைன்னு எழுதியிருக்கணும். மச்சானுக்காக அடின்னு எழுதுனேன். என் பெண்டாட்டி கேட்டா. நான் அந்தப் பந்தப் பாக்கக்கூட இல்ல.”

பாஸிலியோ தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு குதித்தார். “அடியில்லா ஆட்டம்! கேட்டீங்களாய்யா? நோட்டரியே சொல்லிட்டாரு! இனி என்ன பேச்சு, சோள மணிய எடுங்க எல்லாரும்!”

எலாதியோவுக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. இருபத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று, பாவம், அரை நிமிஷம் சந்தோஷப்பட்டார்.

எவாரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அவர் அப்படிச் செய்தால் யாரோ ஒரு பையன் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று அர்த்தம்.

“நோட்டரி, நிவால்தோ உள்ளூர்ல போட்ட ஆட்டங்கள்ல எத்தன உங்க கையால எழுதுனது?”

“எல்லாம்.”

“பிழைன்னு நீங்க எழுதுனா, அதனால வந்த ஓட்டம் பந்து போட்டவன் தலையில விழாது. அடின்னு எழுதுனா விழும். சரிதானே?”

“சரிதான்.”

“அப்போ பாஸிலியோ சொன்ன அந்த ரெண்டே முக்கால் எங்கேருந்து வந்துச்சு? உங்க பென்சில்லேருந்து. மச்சானுக்காக ஒரு பிழைய அடியாக்குன கை, கூடவே நடந்து வீட்டுக்குப் போற சிநேகிதனுக்காக எத்தன அடியப் பிழையாக்குச்சு?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அத எப்படி நம்புறது?”

“சத்தியமா இல்ல, எவாரிஸ்தோ.”

“நேத்து வரைக்கும் நீங்க சத்தியம் பண்ண வேண்டிய அவசியமே இல்லாம இருந்துச்சு,” என்றார் எவாரிஸ்தோ. அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

அதற்கப்புறம் நிவால்தோவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒருவர் எண்பத்து மூன்றாம் வருஷத்து அடி சராசரிப் பட்டத்தை இழுத்தார். இன்னொருவர், சுவரில் ஏற்கெனவே தொங்கும் ஒன்பது படங்களில் ஏழு பேருடைய எண்கள் இந்த ஆள் எழுதியவை என்று விரல் விட்டு எண்ணினார். “நம்ம வாழ்நாள் முழுக்கப் போட்ட சண்டையெல்லாம் இந்த ஆள் எழுதுனத வச்சுத்தானடா!” என்று பின்னால் யாரோ சொன்னது எலாதியோவின் காதில் விழுந்தது. பாஸிலியோ, “ஐயா, நடந்தது ஒரே ஒரு பந்து ஐயா, ஒரே ஒரு பந்து,” என்று ஆளுக்கு ஆள் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஸோயிலா மட்டும் எலாதியோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இத நீங்க போன தடவையே சொல்லியிருக்கணும், இல்ல சாகுற வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும், மாமா,” என்றாள்.

தொப்பி சுற்றி வந்தது. எலாதியோ தன் மணியை எல்லோரும் பார்க்கும்படி போட்டார். பிறகு பெஞ்சின் மேல் கொட்டி எண்ணினார்கள். இந்தத் தடவை அவரை எண்ண விடவில்லை, எவாரிஸ்தோவே எண்ணினார். சோளம் பதினொன்று. பீன்ஸ் பதிமூன்று.

தொப்பி வைத்திருப்பவர்தான் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். அந்த முறையை மட்டும் யாரும் மாற்றவில்லை. எலாதியோ சாலையைக் கடந்தார். நிவால்தோ கால் சத்தத்தைக் கேட்டும் திரும்பவில்லை. யாருடையதோ ஒரு பச்சை லைட்டரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன?”

“பதினொண்ணு.”

நிவால்தோ லைட்டரை மெதுவாக மேசையில் வைத்தார். “போன தடவ பதினேழு. நடுவுல நான் ஏதாவது ஆட்டம் தோத்தேனா என்ன?”

எலாதியோ நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எர்மெஸ், மிக்தாலியா கேட்டது, தான் எழுதியது, இன்று வாயைத் திறந்தது, எவாரிஸ்தோ திருப்பிப் போட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை. “உனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் சொன்னேன். உன் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்,” என்றார். அவர் அழுதார். எழுபத்தோரு வயது ஆள் தபால் நிலைய வாசலில் நின்று அழுவதைத் தபால் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

நிவால்தோ மேசையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினார். பிறகு பக்கத்துப் படியைக் காட்டினார்.

“உக்காரு. அது அடிதான், எலாதியோ.”

“என்ன?”

“அடிதான்யா. பந்து புல்லும் மண்ணும் சேருற விளிம்புல பட்டுச்சு. நான் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். எர்மெஸ் சரியாத்தான் குனிஞ்சான். பந்து திடீர்னு எகிறி அவன் தோள்ல அடிச்சுச்சு. கடவுளே அங்க நின்னிருந்தாலும் பிடிச்சிருக்க முடியாது. மறுநாள் காலையில போய் அந்த எடத்துல காலால தடவிப் பாத்தேன். ஒரு முட்டைய வைக்கிற அளவுக்குக் குழி.”

எலாதியோ அவர் முகத்தையே பார்த்தார். “இருபத்தொம்பது வருஷமா ஏன்யா சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? நூத்திப் பதினெட்டு ஜெயிச்சேன், ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல. அந்த ஒண்ண மட்டும் ஞாபகம் வச்சிருந்தானுங்க. ‘பாவம், நிவால்தோவ ஏமாத்திட்டாங்க’ன்னு சொல்லிக் காபி வாங்கிக் குடுத்தானுங்க, ரம் ஊத்திக் குடுத்தானுங்க. அந்தப் பதினேழு மணியும் அந்தப் பாவத்துக்கு விழுந்ததுதான். அது அடிதான்னு நான் சொல்லியிருந்தா எனக்குன்னு என்ன மிஞ்சியிருக்கும்?” நிவால்தோ தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டார். “உன்னைத் திட்டுவானுங்க, உனக்கு அதெல்லாம் பழக்கம்தானேன்னு விட்டுட்டேன். உனக்குள்ள இப்படி ஒண்ணு கெடக்குதுன்னு எனக்குத் தெரியாது.”

எலாதியோ படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். பந்தைப் பார்க்காமலே எழுதியது சரி. கண்ணும் கருத்துமாக யோசித்து, இருபத்தொன்பது வருஷம் புழுங்கி, கடைசியில் வாயைத் திறந்து சொன்னதுதான் தப்பு. தன் பென்சில் எழுதிய எத்தனையோ ஆயிரத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதை இனி நம்ப ஒரு ஆளும் இல்லை. மிக்தாலியா இருந்திருந்தால் அவளிடமாவது போய்ச் சொல்லியிருப்பார்.

அவர் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நான் போய்ச் சொல்றேன்.”

“என்னன்னு?”

“குழி இருந்துச்சுன்னு. அது அடிதான், புத்தகம் சரிதான்னு. திரும்ப ஓட்டுப் போடச் சொல்றேன்.”

“நான் போய்ச் சொன்னா, தோத்தவன் பொலம்புறான்னு சிரிப்பானுங்க,” என்றார் நிவால்தோ. “நீ போய்ச் சொல்லு. போ. இப்பத்தான் பிழைன்னு சொன்ன ஆளு, இப்ப வந்து அடின்னு சொல்றியேன்னு கேப்பானுங்க. என்ன சொல்லுவ?”

எலாதியோ சாலை ஓரம் வரை போனார். எதிரே மரத்தடியில் எவாரிஸ்தோ கையை ஆட்டி ஆட்டி ஏதோ பழைய ஆட்டத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். பாஸிலியோ காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அங்கிருந்து ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார், ஒரு குதிரைவண்டி போக வழிவிட்டார், பிறகு திரும்பி வந்து அதே படியில் உட்கார்ந்தார்.